சீனப் புத்தகங்களுக்கு மட்டும் தனி இயல்பு எழுத்துரு வைப்பது எப்படி?

அரைப்பக்கம் கேட்டது

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகச் சீன மொழி பயின்று வருகிறேன். பாடநூல் கதைகளைத் தாண்டி இப்போதுதான் முழு நாவல்களுக்குள் நுழைந்திருக்கிறேன். ஒளிரும் திரையை மணிக்கணக்கில் பார்க்கக் கண்கள் ஒத்துழைக்காததால், மின்மைத் (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்பான் ஒன்றில்தான் தமிழ், ஆங்கிலம், சீனம் ஆகிய மூன்று மொழிப் புத்தகங்களையும் வைத்துப் படிக்கிறேன். முதல் இரண்டில் எனக்குக் குறையேதும் இல்லை. சீனத்தில்தான் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு விதமாகத் தொல்லை தருகிறது.

முதல் புத்தகத்தில் ஒரே வரிக்குள் சில எழுத்துகள் தடித்தும் சில மெலிந்தும், இரண்டு பேனாக்களால் மாற்றி மாற்றி எழுதியது போலத் தெரிகின்றன. அதிலேயே ‘எலும்பு’ என்று பொருள்படும் எழுத்தின் தலைப்பகுதியில், உள்ளே மடிந்திருக்கும் சிறு மூலை நான் எழுதப் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இத்தனை நாளும் நான்தான் தவறாக எழுதிவந்தேனோ என்று ஒரு மாலை முழுவதும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது புத்தகத்தில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கட்டத்தின் கீழ்மூலையில் உட்காராமல் நட்டநடுவில் மிதக்கின்றன. மூன்றாவது புத்தகமோ, பட்டியலில் எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் அசைந்து கொடுப்பதே இல்லை.

சோர்ஸ் ஹான் செரிஃப் எழுத்துருவை இறக்கி, கருவியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டேன். பட்டியலில் வந்தது, ஆனால் கோடுகள் நூலிழை போல மெலிந்து, பக்கமே வெளுத்துத் தெரிந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், அதையே இயல்பு எழுத்துருவாக வைத்ததும் ஆங்கிலப் புத்தகங்களும் அதற்கு மாறிவிட்டன. அதிலுள்ள ரோமன் எழுத்துகள் எனக்குப் பிடிக்கவில்லை. சீனப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நான் விரும்பும் சீன எழுத்துரு வரவும், மற்றவை முன்பிருந்தபடியே இருக்கவும், ஒவ்வொரு முறையும் கையால் மாற்றாமல் இருக்கவும் ஏதேனும் வழி உண்டா?

குறியெண் எழுதிய மறுமொழி

நண்பரே, நீங்கள் சரியாகத்தான் எழுதி வந்திருக்கிறீர்கள். உங்கள் கருவிதான் சீனப் புத்தகத்தை ஜப்பானியப் புத்தகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மூன்று புத்தகங்களின் தொல்லையும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றுக்கு வெவ்வேறு காரணங்கள் இருப்பதால், எழுத்துருவை மாற்றுவதற்கு முன்பு எது எந்தக் காரணம் என்று பிரித்தறிந்துகொள்வது நல்லது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு உருவானபோது, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மூன்றிலும் வழங்கும் ஒரே மூலத்தைச் சேர்ந்த ஹான் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் தராமல் ஒரே குறியெண்ணைத் தந்தார்கள். தொடக்கத் தொகுதியிலேயே இப்படி 20,902 எழுத்துகள் இருந்தன. எலும்பைக் குறிக்கும் எழுத்து மூன்று மொழிகளுக்கும் ஒரே எண்தான். ஆனால் அந்தச் சிறு மூலை சீனப் பெருநிலத்து வடிவில் இடப்பக்கமும், ஜப்பானிய, தைவான் வடிவங்களில் வலப்பக்கமும் இருக்கும். ‘நேர்’ என்று பொருள்படும் எழுத்திலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். ஜப்பானிய வடிவில் இடப்பக்கம் ஒரு கோடு இறங்கி அடியில் வலப்புறமாகத் திரும்பும். சீன வடிவில் அந்தத் திருப்பம் இருக்காது. எந்த வடிவம் திரையில் தோன்றும் என்பதைக் குறியெண் முடிவு செய்வதில்லை, எழுத்துருதான் முடிவு செய்கிறது.

இது தமிழருக்குப் புதிய செய்தியும் அன்று. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு அச்சாகின. இன்றும் பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்றைப் பொருத்தினால், நீங்கள் இப்போது தட்டச்சு செய்யும் அதே ‘லை’ துதிக்கையோடு தோன்றும். உரையில் ஓர் எண்கூட மாறியிருக்காது. சீனத்தில் இதே நிலைதான் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு, நாடுவாரியாக இருக்கிறது.

ஆகவே கருவி முதலில் புத்தகத்தின் மொழியை அறிந்தாக வேண்டும். ஈபப் என்னும் மின்னூல் வடிவம் சுருக்கிக் கட்டிய ஒரு கோப்புப் பொதி. அதனுள் ஓபிஎஃப் என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு இருக்கும். மொழியைக் குறிக்கும் வரி அதில்தான் உள்ளது. இணையப் பக்கத்திலிருந்தோ வெற்று உரையிலிருந்தோ மாற்றி உருவாக்கிய புத்தகங்களில், மாற்றிய மென்பொருள் தன் வசதிக்கு ஆங்கிலம் என்று எழுதியிருக்கும், அல்லது எதையும் எழுதாமல் விட்டிருக்கும். அப்போது கருவி, தன் எழுத்துரு வரிசையில் அந்த எழுத்தைக் கொண்டிருக்கும் முதல் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. அந்த வரிசையில் ஜப்பானிய எழுத்துரு முன்னால் நின்றால் உங்கள் முதல் புத்தகத்தின் கதைதான் நடக்கும். இரு மொழிக்கும் பொதுவான எழுத்துகள் ஜப்பானிய எழுத்துருவிலிருந்து வரும். ‘சொல்’ என்னும் வினைக்குரிய எழுத்து, கேள்வியின் இறுதியில் வரும் ‘மா’ போன்ற, சீனாவில் 1956 முதல் எளிமையாக்கப்பட்ட வடிவங்கள் அதில் இராது. அவை வரிசையில் அடுத்து நிற்கும் வேறோர் எழுத்துருவிலிருந்து வரும். நீங்கள் கண்ட இரண்டு பேனாக்களும் இவைதான்.

சீனத்துக்குரிய ஈரெழுத்துக் குறி இசட்-எச். அதன் பின் சிறுகோடிட்டு ஹான்ஸ் என்று சேர்த்தால் எளிமையாக்கிய எழுத்து. ஹான்ட் என்று சேர்த்தால் மரபெழுத்து. மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் மென்பொருளின் மொழிப் புலத்தில் சீனம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது முதலில் காலிபரின் தரவுத்தளத்தில் மட்டுமே மாறுகிறது. புத்தகக் கோப்புக்குள் அதை எழுதச் செய்ய வேண்டும், அல்லது காலிபர் வழியாகவே கருவிக்கு அனுப்ப வேண்டும். கோப்பு மேலாளரைத் திறந்து பழைய கோப்பை அப்படியே நகலெடுத்தால் பழைய மொழிக்குறியேதான் கூடவே போகும். ஹான்ஸ், ஹான்ட் பிரிவையும் சேர்க்க விரும்பினால், காலிபரின் புத்தகத் திருத்தியில் ஓபிஎஃப் கோப்பைத் திறந்து கையால் எழுதிவிடுவதே உறுதியானது. ஒவ்வோர் அத்தியாயக் கோப்பின் தலையிலும் தனி மொழிக்குறி இருக்கக்கூடும். அது ஆங்கிலம் என்று இருந்தால் அதையும் ஒரே தேடல்-மாற்றலில் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது புத்தகத்தைப் பொறுத்தவரை, முதலில் உரையைப் பாருங்கள். அது மரபெழுத்தில் இருந்தால், நடுவில் மிதக்கும் காற்புள்ளி பிழையன்று. தைவானிலும் ஹாங்காங்கிலும் நிறுத்தக்குறிகளைக் கட்டத்தின் மையத்தில்தான் வைக்கிறார்கள். உரை எளிமையாக்கிய எழுத்தில் இருந்து, குறிகள் மட்டும் நடுவில் நின்றால், தைவானுக்குரிய எழுத்துருவோ தைவானுக்குரிய மொழிக்குறியோ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். எந்த எழுத்துரு வருகிறது என்பதை ஒரே பார்வையில் கண்டுகொள்ள எனக்கு அந்தக் காற்புள்ளியைவிட நல்ல அடையாளம் வேறொன்றும் கிடைத்ததில்லை.

ஓலைநறுக்கு எழுதிய மறுமொழி

மூன்றாவது புத்தகத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மொழிக்குறியைத் திருத்தினாலும் அது அசையாது. அங்கே தடையாக நிற்பது பதிப்பாளரின் நடைத்தாள், அதாவது பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு.

பல வாசிப்பான்கள் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவைப் பக்கம் முழுவதற்குமாக, வெளிமட்டத்தில் மட்டும் அறிவிக்கின்றன. பதிப்பாளர் தம் சிஎஸ்எஸ் கோப்பில் பத்திக்கென்றே ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லி அறிவித்திருந்தால், மரபுரிமையாக வருவதைவிட நேரடியாகச் சொன்னதே வெல்லும் என்பது சிஎஸ்எஸ் விதி. ஆங்கிலப் புத்தகங்களில் இது அரிதாகவே உறுத்தும். சீனப் புத்தகங்களிலோ, உடல் உரைக்கு ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று எழுத்துருக்களைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமாக இருப்பதால், அடிக்கடி இதில் முட்டிக்கொள்வோம்.

பழைய சீன ஈபப் கோப்பு எதையாவது திறந்து பாருங்கள். ஓர் அகழாய்வு நடத்திய நிறைவு கிடைக்கும். சோனி வாசிப்பானின் உள் கோப்புறைப் பாதை, இன்னொரு கருவியின் உள் கோப்புறைப் பாதை என்று, எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் தம் கருவிக்காக எழுதிய வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். அந்தப் பாதைகள் உங்கள் கருவியில் இல்லை. ஆகவே அந்த எழுத்துரு கிடைக்காமல் கருவி தன் கடைசிப் புகலிடத்துக்குப் போய்விடுகிறது. அதேவேளையில், பத்தியில் வேறொரு பெயர் எழுதியிருப்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்ததையும் ஏற்பதில்லை.

முதலில் மூலக்கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காலிபரின் திருத்தியிலோ சிகில் மென்பொருளிலோ நடைத்தாளைத் திறந்து, பொது உடலுக்கும் சாதாரணப் பத்திக்கும் எழுத்துருவின் பெயரைச் சொல்லும் ஃபான்ட்-ஃபேமிலி வரிகளை மட்டும் நீக்குங்கள். கருவிப் பாதைகளைச் சுட்டும் ஃபான்ட்-ஃபேஸ் பகுதிகளையும் நீக்கிவிடலாம். ஆனால் கண்ணில் பட்ட ஃபான்ட்-ஃபேமிலியை எல்லாம் வழித்தெறிந்துவிடாதீர்கள். காலிபரில் நூலை மாற்றும்போது எழுத்துரு வரிகள் அனைத்தையும் வடிகட்டும் வசதி ஒன்று உண்டு. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் நல்லதையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். சீன அச்சில் ஆங்கிலம் போன்ற சாய்வெழுத்து மரபு இல்லை. கடிதம், கவிதை, மேற்கோள், நினைவோட்டம் போன்றவற்றைப் பிரித்துக் காட்டத் தூரிகை எழுத்தின் சாயலுடைய காய் வகை எழுத்துருவைப் பயன்படுத்துவார்கள். அந்த வரிகளையும் நீக்கிவிட்டால், கதைமாந்தர் எழுதிய கடிதம் எங்கே முடிகிறது, கதை எங்கே மீண்டும் தொடங்குகிறது என்பது தெரியாமல் போகும். (காய் என்று பெயர் இருந்தாலும், நீண்ட பயிற்சியில் கனிந்த வடிவம் அது.) அந்த வகுப்புகளை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் உங்கள் கருவியில் உள்ள காய் எழுத்துருவின் பெயருக்கு மாற்றுங்கள்.

பூட்டிட்டு விற்கும் புத்தகங்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவற்றில் கருவியின் எழுத்துருப் பட்டியலில் பதிப்பாளர் எழுத்துரு என்ற தேர்வு இருந்தால், அதை விட்டு வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மெய்ப்புமேசை எழுதிய மறுமொழி

நூலிழை போல மெலிந்து தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இறக்கியது மாறுநிலை எழுத்துருவாக இருக்க வேண்டும். அதில் எல்லா எடைகளும், அதாவது கோட்டுத் தடிமன்களும், ஒரே கோப்பில் இருக்கும். எடையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத கருவி அந்தக் கோப்பின் தொடக்க நிலையை மட்டும் காட்டும். சோர்ஸ் ஹான் செரிஃபில் அந்தத் தொடக்க நிலை மிக மெல்லிய எடை. அதற்குப் பதிலாக நிலையான, ஒற்றை எடைக் கோப்புகளை இறக்குங்கள்.

அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் சோர்ஸ் ஹான் சான்ஸையும், 2017இல் சோர்ஸ் ஹான் செரிஃபையும் வெளியிட்டன. கூகுள் அவற்றையே நோட்டோ என்ற பெயரில் தருகிறது. ஏழு எடைகள் உண்டு. திறந்த எழுத்துரு உரிமம் என்பதால் கருவிக்கு நகலெடுக்கவும் புத்தகத்துக்குள் பொதிக்கவும் தடையில்லை. கணினியின் இயங்குதளத்தோடு வரும் சீன எழுத்துருக்களுக்கு அந்த உரிமை பொதுவாக இல்லை என்பதை மறக்க வேண்டாம். கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரின் வால் முக்கியம். எஸ்சி என்று முடிவது எளிமையாக்கிய சீனத்தையும், டிசி என்று முடிவது தைவான் மரபையும், ஜேபி என்று முடிவது ஜப்பானியத்தையும் இயல்பாகக் கொண்டவை. சோர்ஸ் ஹான் தொகுப்பில் வாலே இல்லாத கோப்பு ஜப்பானிய வடிவங்களைத்தான் முதலில் தரும். எஸ்சி கோப்பை வைத்துக்கொண்டால், புத்தகத்தின் மொழிக்குறி தவறாக இருந்தாலும் எலும்பு எலும்பாகவே தெரியும். டிடிசி என்ற பின்னொட்டுடைய தொகுப்புக் கோப்புகளைப் பல கருவிகள் ஏற்பதில்லை. டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பையே எடுங்கள்.

எடையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சோர்ஸ் ஹான் செரிஃப் சோங் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் கிடைக்கோடுகள் மிக மெல்லியவை, நிலைக்கோடுகள் தடித்தவை, கிடைக்கோட்டின் வலமுனையில் ஒரு சிறு முக்கோணம் நிற்கும். மரப்பலகையில் எழுத்துச் செதுக்கிய காலத்தில் மரத்தின் இழையோட்டத்துக்கு இணங்க அமைந்த வடிவம் அது என்று விளக்குவார்கள். தாளில் மை சற்றே பரவி அந்த மெல்லிய கோடுகளை நிரப்பிவிடும். மின்மைத் திரையில் மை பரவாது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரையிலும் சாதாரண எடையின் கிடைக்கோடுகள் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகின்றன. ஆகவே ரெகுலர் என்பதற்கு அடுத்துள்ள மீடியம் எடையை உடல் உரைக்கு வையுங்கள். அத்துடன் அதே குடும்பத்தின் போல்ட் கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். அது இல்லாவிட்டால் கருவி தானாகவே கோடுகளைத் தடிக்கச் செய்யும். இருபது கோடுகள் நெருங்கி நிற்கும் எழுத்து ஒரு மைத்துளியாகிவிடும்.

காய் வகை வேண்டுமானால், எல்எக்ஸ்ஜிடபிள்யூ வென்காய் என்ற திறந்த எழுத்துருவைப் பாருங்கள். ஃபான்ட்வொர்க்ஸ் நிறுவனத்தின் க்ளீ ஒன் என்ற ஜப்பானிய எழுத்துருவிலிருந்து வளர்த்தெடுத்தது. கோட்டின் தடிமன் ஏறக்குறைய சீராக இருப்பதால் மின்மைத் திரைக்கு நன்கு பொருந்துகிறது. நாவல் முழுவதையும் காயில் படிக்கக் கூடாது என்பார்கள் அச்சுத்துறையினர். மொழி பயில்பவர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்பது என் எண்ணம். கையால் எழுதப் பழகிய வடிவத்துக்கு அதுவே மிக அருகில் இருக்கிறது.

எழுத்துருவைப் புத்தகத்துக்குள்ளேயே பொதித்துவிடுங்கள் என்று அடுத்து யாராவது சொல்லக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. ஒரு சீன எழுத்துரு 10 முதல் 25 எம்பி வரை இருக்கும். பத்துப் புத்தகங்களில் பொதித்தால் அதே எழுத்துருவைப் பத்து முறை சுமக்கிறீர்கள். நாளைக்கு வேறு எழுத்துரு பிடித்துப்போனால் பத்தையும் மீண்டும் திறக்க வேண்டும்.

ஓலைநறுக்கு எழுதிய மறுமொழி

மெய்ப்புமேசையாரின் கடைசிப் பத்தியோடு சிறிது முரண்படுகிறேன். முழு எழுத்துருவைப் பொதிக்க வேண்டியதில்லை. காலிபரின் மெருகேற்றும் வசதியில், பொதித்த எழுத்துருக்களை அந்தப் புத்தகத்தில் வரும் எழுத்துகளுக்கு மட்டுமாகக் குறைக்கும் தேர்வு இருக்கிறது. சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலிலேயே 8,105 எழுத்துகள்தாம் உள்ளன. அவற்றில் முதல் நிலையைச் சேர்ந்தவை 3,500. ஒரு நாவல் பயன்படுத்தும் வெவ்வேறு எழுத்துகள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும் என்பதால், குறைத்த எழுத்துரு ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. அரிய எழுத்துகள் நிறைந்த செவ்வியல் உரை, கருவியின் எந்த எழுத்துருவிலும் இல்லாமல் வெற்றுக் கட்டமாகத் தெரியும் பழம்பெயர்கள் ஆகியவற்றுக்குப் பொதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலிருந்து கீழாக ஓடும் மரபெழுத்துப் புத்தகமாக இருந்தால், குறைத்தபின் அடைப்புக்குறிகள் சரியாகத் திரும்பி நிற்கின்றனவா என்று ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அன்றாட நாவல் வாசிப்புக்குக் கருவியில் ஒரே எழுத்துருவை வைத்துக்கொள்வதே நல்லது என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

நடுவரி எழுதிய மறுமொழி

மூல வினா இன்னும் விடை பெறவில்லை என்று தோன்றுகிறது. சீனத்துக்கு மட்டும் இயல்பாக ஓர் எழுத்துரு வேண்டும் என்பதுதானே கேள்வி?

கருவியின் சொந்த மென்பொருளில் இதற்கு எல்லை உண்டு. கிண்டிலில் 2018இல் வந்த 5.9.6 பதிப்பு முதல், கோபோவில் அதற்கும் முன்பிருந்தே, ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் நம் எழுத்துருக்களைப் போட முடிகிறது. புத்தகத்தின் மொழிக்குறியைப் பார்த்துப் பட்டியலையே மாற்றிக் காட்டும் கருவிகளும் உண்டு. அத்தகைய கருவியாக உங்களுடையது இருந்தால், குறியெண் சொன்ன மொழித் திருத்தம் மட்டுமே உங்கள் வேலையில் பாதியை முடித்துவிடும். அப்படி இல்லாவிட்டால் கோரீடர் என்ற திறந்தமூல மென்பொருளை உங்கள் கருவி ஏற்குமா என்று பாருங்கள்.

கோரீடரின் எழுத்துருக் கோப்புறையில் மேற்சொன்ன எஸ்சி கோப்பைப் போட்டு, எழுத்துருப் பட்டியலில் அதை மாற்று எழுத்துருவாகக் குறியுங்கள். முதன்மை எழுத்துரு நீங்கள் ஆங்கிலத்துக்கு விரும்புவதாகவே இருக்கட்டும். முதன்மையில் இல்லாத எழுத்து வரும்போதெல்லாம் மாற்று எழுத்துரு வந்து நிரப்பும். ரோமன் எழுத்துருவில் சீன எழுத்துகள் இராது என்பதால், சீனப் பக்கம் முழுவதும் நீங்கள் விரும்பிய வடிவத்தில் வந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தபடியே இருக்கும்.

அரைப்பக்கம் எழுதிய மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் புத்தகத்தின் ஓபிஎஃப் கோப்பில் மொழி ஆங்கிலம் என்றே இருந்தது. அதைத் திருத்தியதும் இரண்டு பேனாக்கள் ஒன்றாகிவிட்டன. இரண்டாவது புத்தகம் எளிமையாக்கிய எழுத்தில்தான் இருந்தது. யாரோ மரபெழுத்துப் பதிப்பு ஒன்றை எளிமையாக்கிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, தைவான் மொழிக்குறியை அப்படியே விட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் ஓலைநறுக்கு சொன்ன சோனிப் பாதை நிஜமாகவே இருந்தது; கண்டதும் சிரித்துவிட்டேன். காய் வகுப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினேன். கதையில் வரும் கடிதங்கள் இப்போது தனியே, அழகாகத் தெரிகின்றன.

மீடியம் எடையை வைத்துக்கொண்டு, நடுவரி சொன்னபடி கோரீடரில் மாற்று எழுத்துருவாக அமைத்தேன். எல்லாம் சரி, இரண்டு சிறு உறுத்தல்கள் மட்டும் எஞ்சியுள்ளன. மேற்கோள் குறிகள் சீன உரையில் மிகக் குறுகி, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அயல்நாட்டுப் பெயர்களுக்கு நடுவில் வரும் புள்ளியும், உரையாடல் தயங்கி நிற்கும் இடத்தில் வரும் ஆறு புள்ளிகளும் அப்படியே. அந்த ஆறு புள்ளிகள் வரியின் நடுவில் வராமல் அடியில் கிடக்கின்றன. மற்றொன்று, ரோமன் எழுத்தில் பின்யின் ஒலிக்குறிப்பு உள்ள பாடநூலில் மூன்றாம் தொனிக் குறி ஏறிய உயிரெழுத்துகள் மட்டும் பக்கத்து எழுத்துகளோடு ஒட்டாமல் வேறு முகத்தோடு தெரிகின்றன.

குறியெண் எழுதிய மறுமொழி

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மாற்று எழுத்துரு என்பது முதன்மையில் இல்லாததை மட்டுமே நிரப்பும்.

சீனக் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் தனிக் குறியெண்கள் உண்டு; அவை ரோமன் எழுத்துருவில் இராததால் சீன எழுத்துருவிலிருந்து வந்துவிடுகின்றன. ஆனால் வளைந்த மேற்கோள் குறிகளும், மூன்று புள்ளிக் குறியும், நீள்கோடும், பெயர்களுக்கு நடுவில் வரும் புள்ளியும் ஆங்கிலத்துக்கும் எளிமையாக்கிய சீனத்துக்கும் ஒரே குறியெண்ணில் இருக்கின்றன. சீன எழுத்துருவில் அவை ஒரு முழுக் கட்ட அகலத்தில் வரைந்திருக்கும். ரோமன் எழுத்துருவில் குறுகலாக இருக்கும். உங்கள் முதன்மை எழுத்துரு ரோமன் என்பதால் அவை அங்கிருந்தே வருகின்றன, மாற்று எழுத்துருவுக்கு முறை வருவதே இல்லை. பின்யினில் இது தலைகீழாக நடக்கிறது. மூன்றாம் தொனிக் குறி ஏறிய உயிர்கள் பல ரோமன் எழுத்துருக்களில் இல்லாததால், அந்த ஓரெழுத்து மட்டும் சீன எழுத்துருவுக்குப் போய்த் திரும்புகிறது. பாடநூல் போன்றவற்றுக்கு, அந்த உயிர்கள் உள்ள நோட்டோ செரிஃப் போன்ற ரோமன் எழுத்துருவை முதன்மையாக வைத்தால் போதும்.

நாவல்களுக்குச் சீன எழுத்துருவே முதன்மையாக இருக்க வேண்டும். ஆனால் சீனப் புத்தகங்களில் மட்டும். நடுவரி சொன்ன வழியை விட்டுவிட வேண்டாம், அதன் மேல் இன்னோர் அடுக்கைச் சேர்த்தால் போதும். சீனப் புத்தகங்கள் அனைத்தையும் கருவியில் ஒரே கோப்புறைக்குள் வையுங்கள். கோரீடரில் ப்ரொஃபைல்ஸ் என்ற செருகு நிரல் இருக்கிறது. அதில் ஒரு தொகுப்பை உருவாக்கி, எழுத்துரு, எழுத்தளவு, வரியிடைவெளி ஆகியவற்றைச் சீனத்துக்கேற்பக் குறித்துக்கொண்டு, புத்தகம் திறக்கும்போது கோப்பின் பாதையில் அந்தக் கோப்புறையின் பெயர் இருந்தால் தானாக இயங்கும்படி நிபந்தனை இடுங்கள். வரியிடைவெளியைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். சீன எழுத்து தன் கட்டத்தை முழுவதுமாக நிரப்புவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி அதற்கு நெருக்கடியாகத் தோன்றும்.

நடுவரி எழுதிய மறுமொழி

மேற்கோள் குறியை நான் மறந்தேபோனேன். நான் படிப்பவை பெரும்பாலும் தைவான் பதிப்புகள். அவற்றில் மேற்கோளுக்கு மூலை வடிவ அடைப்புக்குறிகளையே பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்குத் தனிக் குறியெண் இருப்பதால் எனக்கு இந்தத் தொல்லை ஒருமுறையும் வந்ததில்லை.

அரைப்பக்கம் எழுதிய மறுமொழி

கோப்புறையைப் பிரித்து, நிபந்தனையும் இட்டுவிட்டேன். சீன நாவலைத் திறந்தால் சோங் மீடியம் வருகிறது. மேற்கோள் குறிகள் முழுக் கட்டத்தில் அமர்ந்திருக்கின்றன, ஆறு புள்ளிகளும் வரியின் நடுவுக்கு ஏறிவிட்டன. ஆங்கிலப் புத்தகத்துக்குத் திரும்பியபோது முதல் முறை சீன எழுத்துருவே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தை நிபந்தனை இடுவதற்கு முன்பே சீன எழுத்துருவோடு ஒருமுறை திறந்திருந்ததால், அதன் சொந்த அமைப்பில் அது பதிந்திருந்தது. அங்கே ஒருமுறை கையால் மாற்றியதும் சரியாகிவிட்டது.